டீ ஆறினால் ஆறட்டும்

மாலை ஆறு மணி. அவர் வாஷ்பேசின் முன்னால் நின்று, நகக்கண்ணில் ஏறியிருந்த மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். வாசல் கதவு திறந்தது. மனைவி உள்ளே வந்தாள். பையை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு துண்டை நனைத்துக் கண்மேல் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள்.

மறுபடியுமா என்று கேட்டார். மத்தியானத்திலிருந்தே இடிக்கிறது என்றாள். கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னார். போன மாதம்தான் மாற்றியது என்று அவள் நினைவூட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றதில்லைங்க. தலைவலிக்கும் அன்னிக்கு லீவு போல."

அவர் சிரித்தார். துண்டுக்கு அடியில் அவளும் சிரித்திருக்க வேண்டும். துண்டின் ஓரம் லேசாக அசைந்தது.

வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றில் அவளுக்கு வேலை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரே பெரிய அறை, முப்பத்தொரு பிள்ளைகள். தெருத் தூசு வராமலிருக்க ஜன்னல்கள் எப்போதும் மூடியிருக்கும், ஏசி ஓடும். அந்தக் காப்பகத்துக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அங்கே பிள்ளைகள் நன்றாகத் தூங்கும். மத்தியானம் ஒரு மணிக்குப் பாயை விரித்தால் நாலு மணி வரை ஒரு முனகல்கூட இருக்காது. வீட்டில் பம்பரமாகச் சுற்றும் பிள்ளைகூட அங்கே போனால் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுகிறது என்று தாய்மார்கள் ஒருவருக்கொருவர் சொல்லி, சேர்க்க வரிசையில் நின்றார்கள்.

அந்த வேலைக்கு அவளைப் போகச் சொன்னவர் அவர்தான். அந்த இடத்தில் முன்பு பெரிய டிரை கிளீனிங் கூடம் ஒன்று இருந்தது. அது மூடப்பட்டு, கட்டடம் எழும்புவதற்கு முன், அந்த மண்ணைப் பரிசோதனைக்கு எடுத்து வந்தது அவர்; அது நாலு வருடத்துக்கு முன். அறிக்கையில் எல்லா வரிசையிலும் 'கண்டறியப்படவில்லை' என்றே வந்தது. "என் கையால எடுத்த மண்ணு. சுத்தமான இடம். கண்ணை மூடிக்கிட்டுப் போ" என்று மூன்று வருடத்துக்கு முன் மனைவியிடம் சொல்லியிருந்தார். இப்போது அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

அவர் வேலை பார்த்தது மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்கும் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில். வெளியே போய் மண் எடுத்து வருவது அவர் பொறுப்பு. சேர்ந்த முதல் வருடமே மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பதினெட்டு வருட சர்வீஸில் அவருக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு, அந்தப் பெயரின் வாலில் சேர்ந்த மரியாதை மட்டும்தான். இப்போது அவர் மண்ணாங்கட்டியார்.

மறுநாள் காலை ஸ்டோர் ரூமில் அவர் ஐஸ் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் பருமனில் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் அளவு மெத்தனால், தண்ணீரைப்போலத் தெளிவாக. வரவேற்பில் இருக்கும் கிளார்க், கம்பெனி முத்திரை போட்ட ஸ்டிக்கர் சுருளோடு வந்தார். எல்லாப் புட்டியிலும் ஒன்று ஒட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவாம்.

மண்ணாங்கட்டியார் பெட்டியைக் கையால் மறைத்துக்கொண்டார். புட்டி எடை போட்டு வந்திருக்கிறது, மண் போட்ட பிறகு மறுபடி எடை போடுவார்கள், கூடுகிற எடைதான் மண்ணின் எடை, ஸ்டிக்கரை ஒட்டினால் மெஷின் அதையும் மண் என்று கணக்குப் போட்டுவிடும் என்று விளக்கினார்.

"எங்களை மண்ணுன்னு சொல்றதுக்கு மெஷின் வேற தேவையா, மண்ணாங்கட்டியாரே" என்று சொல்லிவிட்டு கிளார்க் போனார். போகிற போக்கில் ஒரு வேலைத் தாளை அவர் கையில் திணித்தார். காப்பகத்தைப் பின்பக்கம் நீட்டி இன்னொரு அறை கட்டப் போகிறார்கள். கொல்லைப்புற மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். விலாசத்தைப் பார்த்ததும் அவருக்கு மனைவியின் ஈரத்துண்டு நினைவுக்கு வந்தது. ஏன் வந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

இந்தப் புட்டி முறையைக் கொண்டுவந்தவள் ஒரு வருடத்துக்கு முன் சேர்ந்த கெமிஸ்ட். அதற்கு முன்னால் எல்லாம் ஜாடிதான். வயல் மண்ணோ, சாலை மண்ணோ, எதுவானாலும் தட்டில் கொட்டி, கட்டியை உடைத்து, நன்றாகக் கலந்து, கொஞ்சம் ஆறவிட்டு, ஜாடியில் அள்ளிப் போட்டு வருவார். மண் மண்தானே. கெமிஸ்ட் வந்ததும் அதெல்லாம் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னபடியே அவரும் செய்துவந்தார். ஆனால் அது அவருக்கு ஒரு புதிய ஆபீஸ் ஒழுங்கு, அவ்வளவுதான். கையெழுத்துப் போடும் இடம் மாறியது மாதிரி.

வேலைத் தாளைப் பார்த்ததும், அந்த இடத்தின் பழைய பைல் இருக்கிறதா என்று கெமிஸ்ட் கேட்டாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அறிக்கையைப் புரட்டிவிட்டு, பின்னால் செருகியிருந்த களத்தாளுக்கு வந்தாள். மண் எடுக்கும் இடத்திலேயே அவர் தன் கைப்பட நிரப்பும் தாள் அது. குழி எண், ஆழம், எடுத்த நேரம், மூடிய நேரம். அவர் எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதுகிறவர் அல்ல.

அவள் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தாள்.

"அண்ணா, எடுத்த நேரம் பத்து அஞ்சு. மூடுன நேரம் பத்து இருபத்தஞ்சு. நடுவுல என்ன?"

"டீ."

தாளைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். கொஞ்சம் கழித்து, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் மெதுவாகச் சொன்னாள். டிரை கிளீனிங்கில் துணி வெளுக்கும் அந்தத் திரவம் பெட்ரோல் மாதிரி, சென்ட் மாதிரி, காற்றுப் பட்டால் போய்விடும். மூடி திறந்த சென்ட் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டு, அப்புறம் முகர்ந்து பார்த்து வாசனையே இல்லை என்று எழுதிக் கொடுப்பது போலத்தான் இது.

"நாம மண்ணைச் சோதிக்கலண்ணா. மண்ணுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டிருக்கிற ஆவியைச் சோதிக்கிறோம். மண்ணு அதை மூடி வெச்சிருக்கு. நாம தோண்டித் திறந்துவிட்டுட்டு டீ குடிச்சிருக்கோம்."

'நாம' என்று அவள் சொன்னது அவரை இன்னும் குத்தியது. அவள் அப்போது இங்கே வேலையிலேயே இல்லை.

கீழே எங்கேயாவது இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். தரையின் விரிசல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும் என்றாள். மூடிய அறையில் தேங்கும். தலைவலி வரும். தூக்கம் வரும். வருடக்கணக்கில் சுவாசித்தால் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை. அதுவும் சின்னப் பிள்ளைகள் என்றால்.

தூக்கம் என்ற சொல்லுக்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் அவர் காதில் விழவில்லை.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. ஸ்டோர் ரூமில் ஸ்டூல்மேல் உட்கார்ந்து, காப்பகத்து மண்ணை எடுத்த அந்தப் பழைய நாளை நினைத்துப் பார்த்தார். மண்ணெடுக்கப் போன இடமெல்லாம் அவரை மண்ணாகவே நடத்தினார்கள். கேட்டுக்கு வெளியே நிற்க வைப்பார்கள். கால் கழுவக் குழாயைக் காட்டமாட்டார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும், நில உரிமையாளரின் மேனேஜர் நிழலில் நாற்காலி போட்டார். "உக்காருங்க சார்" என்றார். சார் என்றார். தட்டோடு டீயும் பிஸ்கட்டும் வந்தன. மண் அப்போது வெயிலில், தட்டில், உடைத்த நிலையில் கிடந்தது. மூடிவிட்டு வருகிறேன் என்று இவர் எழுந்தபோது மேனேஜர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

"மண்ணு எங்க ஓடிடப் போகுது சார்? டீ ஆறிடும்."

பதினெட்டு வருடத்தில் அவர் யாரிடமும் கை நீட்டியதில்லை. கவரை நீட்டியவர்களைக் கேவலமாகத் திட்டி அனுப்பியிருக்கிறார். அந்தப் பெருமையில்தான் நிமிர்ந்து நடந்தார். அப்படிப்பட்டவரை ஒரு நாற்காலி உட்கார வைத்துவிட்டது.

மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை, டீ நன்றாக இருந்தது என்பதைக்கூட. அவள் கேட்டுக்கொண்டே துவைத்த துணிகளை மடித்தாள். மடித்து முடித்ததை மறுபடி பிரித்து மடித்தாள். அவள் கண்முன் முப்பத்தொரு முகங்களும் வரிசையாக வந்து போயின. சமத்து, சமத்து என்று தானும் தட்டிக்கொடுத்த முகங்கள்.

அவர் அவள் கோபத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

கடைசியில் அவள் சொன்னாள்: "நாளையிலேருந்து நான் ஜன்னலைத் திறந்து வெக்கிறேன். பிள்ளைங்களை வெளியில கூட்டிட்டுப் போறேன். யாரு என்ன சொன்னாலும் சரி. நீங்க மூட வேண்டியதை மூடுங்க."

மண்ணெடுக்கும் நாளன்று காப்பகத்தின் ஜன்னல்கள் நான்கும் விரியத் திறந்திருந்தன. கொல்லைப்புறத்தில் துளை போடும் இயந்திரத்தை இரண்டு தொழிலாளிகள் இறக்கினார்கள். அது ஒரு பிளாஸ்டிக் குழாயை மண்ணுக்குள் செலுத்தி, உள்ளே இருக்கும் மண்ணைக் கலையாமல் அப்படியே ஒரு தூணாக வெளியே எடுக்கும். மண்ணாங்கட்டியார் ஐஸ் பெட்டியை நிழலில் வைத்தார். புட்டிகளை வரிசையாக நிறுத்தினார். மெத்தனால் மட்டும் உள்ள ஒரு புட்டியைத் தனியே ஓரத்தில் நிறுத்தினார். அதைத் திறக்கவே கூடாது. வழியில் வேறு எந்த வாடையும் உள்ளே புகவில்லை என்பதற்கு அது சாட்சி. கூடவே போய், கூடவே திரும்பும், ஒன்றும் பேசாது.

மேனேஜர் வந்தார். நாலு வருடத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தார்; மரியாதை குறையவில்லை. நாற்காலி வந்தது. மேனேஜர் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். யாரையும் ஏமாற்றவேண்டும் என்று அவர் காலையில் எழுவதில்லை. மண்ணைக் கொஞ்சம் காற்றாட விட்டால் அறிக்கை சுமுகமாக வரும் என்று எப்போதோ ஒருவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அன்றிலிருந்து மண்ணெடுக்க வருகிற எல்லோருக்கும் அவர் டீ கொடுத்துவந்தார். பொய்க் கையெழுத்தில்லை, கவர் இல்லை, சாட்சி இல்லை. விருந்தோம்பலை யார் குற்றம் சொல்ல முடியும்?

இயந்திரம் உறுமி, குழாயை வெளியே தள்ளியது. நாலு அடி நீளத் தூண். சரியாக அந்த நேரத்தில் தட்டும் டீயும் வந்தன.

"போன தடவை மாதிரியே நிதானமா பண்ணிடலாம் சார். உங்க வீட்டம்மாவும் நம்ம இடத்துலதானே இருக்காங்க. குடும்பம் மாதிரி ஆயிட்டோம்."

மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் துளை போட்ட தொழிலாளி நிமிர்ந்து பார்த்தார். அந்த வாக்கியத்தில் மனைவியின் வேலை தொங்கிக்கொண்டிருந்தது அந்தத் தொழிலாளிக்கே தெரிந்தது.

மண்ணாங்கட்டியார் குழாயை நீளவாக்கில் கீறிப் பிளந்தார். ஈரமான சாம்பல் நிறத்தில் மண் தெரிந்தது. இனிப்பாக ஒரு மெல்லிய வாடை எழுந்து உடனே கலைந்தது. அவர் கை அதற்குள் இறங்கிவிட்டது. முனை வெட்டிய சிரிஞ்சைப் போன்ற சிறு குழலை மண்ணில் அழுத்தி, ஒரு நெல்லிக்காய் அளவு கட்டியை அப்படியே உருவினார். உடைக்கவில்லை, கிளறவில்லை. புட்டியின் வாயில் வைத்துத் தள்ளினார். கட்டி மெத்தனாலில் மூழ்கியது. புட்டியின் கழுத்தில் ஒட்டிய இரண்டு மணல் துகளை ஒரே துடைப்பில் துடைத்து, மூடியைத் திருகி, ஐஸுக்குள் இறக்கினார். எல்லாமாக அரை நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த புட்டி. அதற்கடுத்தது. அவர் கைகள் இவ்வளவு வேகமாகப் போய் யாரும் பார்த்ததில்லை.

"சார், டீ" என்றார் மேனேஜர்.

"ஆறினா ஆறட்டும் சார்."

நாலு புட்டி முடிந்தது. டீயின்மேல் ஏடு படிந்துவிட்டது. அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். அதே குழாயில், முதல் புட்டிக்கு எடுத்த இடத்தை ஒட்டியே ஒரு பிடி மண்ணை எடுத்து, தட்டில் போட்டு, விரலால் உதிர்த்து, வெயிலில் பரப்பினார். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்து, டீயை எடுத்துக்கொண்டார்.

மேனேஜரின் முகம் மலர்ந்தது. வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தார். பிஸ்கட்டை நகர்த்தி வைத்தார். வெயில், விலைவாசி, பிள்ளைகள் படிப்பு என்று பேச்சுப் போனது. இருபது நிமிடம். மண்ணாங்கட்டியார் எழுந்து போய், அந்த உதிர்ந்த மண்ணிலிருந்து ஐந்தாவது புட்டியை நிரப்பி மூடினார். களத்தாளில் நேரத்தை எழுதினார்.

"இது என்ன சார், தனியா?"

"நாலு புட்டி மண்ணுக்கு. அஞ்சாவது உங்க டீக்கு. அது எவ்வளவு குடிக்குதுன்னு பார்க்கணும்."

மேனேஜர் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆறு நாள் கழித்து முடிவு வந்தது. கெமிஸ்ட் அவரைக் கூப்பிட்டு, நாலு புட்டிகளின் தாளையும் ஐந்தாவதின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். உடனே மூடிய நான்கு புட்டிகளிலும் அந்தத் திரவம் அனுமதித்த அளவைப்போலப் பல மடங்கு இருந்தது. ஒரே குழாய், ஒரே ஆழம், ஐந்தாவது புட்டியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. திறக்காத சாட்சிப் புட்டி பரிசுத்தமாக இருந்தது.

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்களுக்குப் பேரு வெச்சவங்க என்ன நினைச்சு வெச்சாங்களோ தெரியாது. மண்ணாங்கட்டி உடையாம இருந்தாத்தான் அண்ணா உள்ள இருக்கிறது உள்ள இருக்கும். தூளானாத்தான் எல்லாம் பறந்துடும்."

அவர் தலையாட்டினார்.

ஆனால் சிக்கல் இனிமேல்தான் இருந்தது. இந்த அறிக்கை கொல்லைப்புறத்து மண்ணுக்கு. புதிய அறை கட்ட முடியாது, அவ்வளவுதான். இப்போது பிள்ளைகள் இருக்கும் அறைக்குக் கீழே உள்ள மண்ணுக்கு நாலு வருடத்துக்கு முன் வந்த சுத்தமான அறிக்கை பத்திரமாக இருந்தது. அது செல்லாது என்று யாராவது எழுதிக் கொடுக்காதவரை அந்த அறையை மூடச் சொல்ல அதிகாரிகளாலும் முடியாது. எழுதிக் கொடுக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். மண்ணெடுத்தவர்.

அவர் எழுதினார். ஒரே பக்கம். மண்ணைத் தட்டில் உடைத்துப் பரப்பியதையும், இருபது நிமிடம் திறந்து வைத்ததையும், அந்த நேரத்தில் டீ குடித்ததையும் எழுதி, அதனால் அந்த முடிவை நம்பக் கூடாது என்று முடித்தார். பழைய களத்தாளையும் ஐந்தாவது புட்டியின் முடிவையும் சேர்த்துக் குத்தி, டைரக்டர் மேசையில் வைத்தார். கெமிஸ்ட் தன் கையெழுத்தை அவர் கையெழுத்துக்குக் கீழே போட்டிருந்தாள்.

டைரக்டர் இரண்டு முறை படித்தார். புதிய அறிக்கையை அனுப்பினால் போதாதா என்று கேட்டார். பழையதை யாரும் கேட்கவில்லையே. கிணற்றைத் தோண்டப் போய் பூதத்தைக் கிளப்புவானேன்? ஆய்வுக்கூடத்தின் பெயர் என்ன ஆவது? முதலில் இவர் வேலை என்ன ஆவது?

"உங்க சோத்துல நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கறீங்க."

"மண்ணை அள்ளிப் போடறதுதான் சார் என் தொழில். நாலு வருஷம் முன்னாடி பிள்ளைங்க தலையில போட்டேன். இப்போ என் சோத்துல போட்டுக்கறேன்."

டைரக்டர் நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஒரு லாரி பின்னால் வந்து, நின்று, மறுபடி முன்னால் போனது. அவருக்கு அறுபது வயது ஆகப்போகிறது. இந்தத் தொழிலில் அவர் கண்டும் காணாமல் விட்டவை பல. அவற்றை எண்ணிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. இன்று எண்ணத் தொடங்கிவிட்டாரோ என்னவோ.

"எத்தனை பிள்ளைங்க இருக்கு அங்க?"

"முப்பத்தொண்ணு."

பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. டைரக்டர் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நில உரிமையாளர் தரப்பில் மேனேஜர் ஆட்சேபித்தார். ஆய்வுக்கூடத்து வண்டியின் பெட்ரோல் வாடைதான் புட்டியில் ஏறியிருக்கும் என்றார். அதிகாரி சாட்சிப் புட்டியின் முடிவை அவர் முன்னால் வைத்தார். அதே வண்டியில், அதே பெட்டியில் போய்வந்த புட்டி. அதில் ஒன்றும் இல்லை. மேனேஜர் அதைப் படித்துவிட்டு, தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்.

மறுவாரமே காப்பகம் அடுத்த தெருவில் இருந்த நூலகக் கட்டடத்தின் மாடிக்கு மாறியது. பிள்ளைகள் எல்லோரையும் டாக்டர் பரிசோதித்தார்; பெரிய பாதிப்பு யாருக்கும் இல்லை, நல்ல நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள் என்றார். பழைய அறையின் தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, கீழே தேங்கியிருந்த ஆவியை உறிஞ்சி எடுக்கும் வேலை உரிமையாளரின் செலவில் தொடங்கியது. இதுபோன்ற திரவம் புழங்கி, முன்பு அவர் மண்ணை உடைத்து ஆறவிட்டு எடுத்த வேறு ஐந்து இடங்களின் களத்தாள்களையும் கெமிஸ்ட் எடுத்து அடுக்கினாள். ஐந்தையும் மறுபடி தோண்டினார்கள். ஒன்றில் மட்டும் இருந்தது. அங்கேயும் ஆட்கள் குடியேறும் முன்பே வேலை ஆரம்பித்தது.

தாய்மார்களின் கூட்டத்துக்கு அவர் தானே போனார். யாரும் கூப்பிடவில்லை. முன்னால் நின்று, நடந்ததைச் சொன்னார். ஒரு தாய் எழுந்தாள்.

"எம்புள்ள சமத்துன்னு ஆபீஸ் பூராச் சொல்லிட்டிருந்தேனே" என்றாள். பிறகு திட்டத் தொடங்கினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் திட்டியதையும், இன்னும் இருவர் திட்டியதையும் நின்று கேட்டார். வெளியே போகும்போது அந்த முதல் தாய் அவரைத் தாண்டி இரண்டு படி இறங்கினாள். நின்றாள். "நீங்களா வந்து சொன்னீங்க" என்றாள். அதை எந்தக் குரலில் சொன்னாள் என்று அவர் பல நாள் யோசித்தார்.

அவருக்கு எழுத்து மூலம் ஒரு கண்டிப்பு வந்தது. அதை அவர் பத்திரப்படுத்தி வைத்தார். வேலை போகவில்லை.

மாடிக்கு மாறிய இரண்டாவது வாரம், மாலை ஆறரைக்கு மனைவி வந்தாள். தலை கலைந்திருந்தது. புடவையில் நீலக் கிரேயான் கோடு தோளிலிருந்து முழங்கால் வரை ஓடியது. குரல் கட்டியிருந்தது. அவர் பழக்கத்தில் துண்டை நனைக்கப் போனார்.

"எதுக்குத் துண்டு? தலையெல்லாம் வலிக்கல. உயிருதான் போகுது. முப்பத்தொண்ணுல ஒண்ணு கூடத் தூங்கலங்க. ஒருத்தன் ஜன்னல்ல தொங்கறான். ரெண்டு பேரு பாயைச் சுருட்டி வண்டி ஓட்டறாங்க. அந்தக் கடைசிப் பொண்ணு, மூணு வருஷமா வாயே திறக்காத பொண்ணு, இன்னிக்கு என்னைப் பார்த்து 'போடி'ன்னுடுச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் நிற்கவில்லை. அவர் ஈரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது சொட்டுவதைக்கூடக் கவனிக்காமல், அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

சில மாதங்கள் கழித்து, மண்ணெடுக்கும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க டைரக்டர் அவரையே போட்டார். வேறு வேறு ஆய்வுக்கூடங்களிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். இரண்டு பேர் அவரைவிடச் சர்வீஸ் கூடினவர்கள். மண்ணெடுக்க எங்களுக்குப் பாடமா என்று கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். முற்றத்தில் குழாயைப் பிளந்து, ஆளுக்கொரு சிறு குழலும் புட்டியும் கொடுத்தார். எல்லோரும் மண்ணை உருவினார்கள். அந்த நேரம் பார்த்துக் கேன்டீனிலிருந்து டீ வந்தது. அவர்தான் அந்த நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார்.

ஆறு கைகளும் தட்டை நோக்கி நீண்டன. ஆறு புட்டிகள் திறந்து கிடந்தன.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். முதலில் ஒருவர் அந்த மௌனத்தைக் கவனித்தார். கப்பைத் திரும்ப வைத்துவிட்டுப் புட்டியை மூடினார். பிறகு அடுத்தவர். கை கட்டி உட்கார்ந்திருந்த மூத்தவர் கடைசியாக மூடினார். மூடியதும் என்ன தப்பு, ஒரு டீ குடிக்கிற நேரம்தானே என்றார்.

"அந்த ஒரு டீ நேரத்தாலதாங்க முப்பத்தொரு பிள்ளைங்க மூணு வருஷம் மயங்கிக் கிடந்துச்சு" என்றார் மண்ணாங்கட்டியார். அவர் குரல் உயரவில்லை. "லஞ்சம்னா கவர்லதான் வரும்னு நானும் நினைச்சிருந்தேன். கப்புலயும் வருது. நாற்காலியில வருது. சார்னு கூப்பிடற மரியாதையில வருது. வாங்கறோம்னு நமக்கே தெரியாது. அதனால ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. மண்ணோ உண்மையோ, எடுத்த கையோட மூடிப் பத்திரம் பண்ணணும். அப்புறம் பண்ணலாம்னு திறந்து வெச்சா, ரெண்டும் காத்தோட போயிடும். டீ ஆறினா ஆறட்டும்."

ஆறு புட்டிகளும் ஐஸுக்குள் இறங்கின. அதற்குப் பிறகு எல்லோரும் டீயை எடுத்துக்கொண்டார்கள். அது முழுக்க ஆறியிருந்தது. மூத்தவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.